நீங்கள் எழுத, நான் வாசித்த பிரசங்கம்

இன்று காலை பீரோவின் அடித்தட்டைச் சுத்தம் செய்யும்போது உங்கள் நோட்டுகள் அகப்பட்டன. மொத்தம் பதினேழு. அட்டையைத் திறந்ததும் பழைய காகித வாடையோடு, நீங்கள் தொண்டைக்குப் போட்ட மருந்தின் வாடையும் லேசாக வந்தது. தரையிலேயே உட்கார்ந்து வாசித்தேன். அவற்றில் இருப்பது உங்கள் பேச்சு மட்டும்தான். "மோர் போதும்." "இல்ல, வலிக்கல." "மவகிட்ட இப்ப சொல்லாண்டாம்." நான் என்ன கேட்டதற்கு இந்தப் பதில் என்று யோசித்து, நடுநடுவே என் பேச்சையும் சேர்த்துக்கொண்டே போனேன். மதியச் சோறு மறந்துபோனது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நாம் ஸ்ரீவைகுண்டத்துக்குக் கிழக்கே, ஆற்றங்கரைச் சிற்றூர் ஒன்றில் இருந்தோம். நீங்கள் அந்தச் சபையின் உபதேசியார். நான் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு டீச்சர். பல ஊர்ச் சபைகளுக்கும் பொறுப்பான சேகர குரு மாதத்துக்கு ஒருமுறை அப்பமும் ரசமுமாகத் திருவிருந்து கொடுக்க வருவார். மற்ற ஞாயிறுகளில் மணியடிப்பது, ஆராதனை நடத்துவது, பிரசங்கம் பண்ணுவது எல்லாம் நீங்கள்தான். கோயிலில் மைக் கிடையாது. உங்களுக்கு அது தேவைப்பட்டதும் இல்லை. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் வாழைக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறவர்கூட மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு உங்கள் பிரசங்கத்தைக் கேட்பாராம்.

அந்தக் குரல் கம்மத் தொடங்கியபோது மழைக்காலம் என்றுதான் நினைத்தோம். மிளகுக் கஷாயம் வைத்துக் கொடுத்தேன். கோடையிலும் கம்மல் போகவில்லை. பாளையங்கோட்டை டாக்டர் மதுரைக்கு அனுப்பினார். அங்கே, தொண்டையில் புற்று, குரல்வளையை எடுத்தால்தான் உயிர் நிற்கும் என்றார்கள். தேதி குறித்துவிட்டு ஊருக்கு வந்தோம். சபை மூன்று நாள் உபவாசம் இருந்தது. "ஆண்டவர் தொடுவாரு, கத்தி படாம திரும்பி வருவிய" என்று பெண்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்கள். நானும் அப்படியே நம்பினேன். ஆபரேஷன் அறைக் கதவு சாத்தின பிறகும், இப்போது திறந்து, வேண்டாம் என்று அனுப்பிவிடுவார்கள் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

கழுத்தில் ஒரு துவாரத்தோடு ஊர் திரும்பினீர்கள். அதை மறைக்க நான் வெள்ளைத் துணியில் சின்னச் சின்னத் துண்டுகள் தைத்துக் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை முதல் மணி அடிக்கும்போது நீங்கள் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வீர்கள். பைபிளை நான் எடுத்துக் கொடுத்தால் வாங்கித் தலைமாட்டில் வைத்துவிடுவீர்கள். ஒரு மாதம் போனது. சபைப் பெரியவர் தங்கராஜ் அண்ணாச்சி வீட்டுக்கு வந்தார்.

"டீச்சரம்மா, கோவிச்சுக்கிடாதிய. சத்தமில்லாத உபதேசியார வச்சு சபைய எப்படி நடத்த? சேகர குருட்ட எழுதிக் கேக்கலாம்னு இருக்கோம். வேற ஆள் வந்தா இந்த வீட்டையும் விட வேண்டியிருக்கும்."

அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவர் சொன்னதில் தப்பில்லை. அவர் போனதும் நீங்கள் நோட்டை எடுத்து எழுதினீர்கள். அந்தப் பக்கம் இன்று என் கையில் இருந்தது. "அண்ணாச்சி சொல்லுதது சரி. ஆண்டவரே என் வாய அடச்சிட்டாரு. இனி அவருக்கு எங்கிட்ட வேலையில்ல."

அதை வாசித்ததும்தான் எனக்குக் கோபம் வந்தது. அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. கரண்டியோடு வந்து நின்றேன்.

"வாயத்தான எடுத்தாரு? கை இருக்குல்லா? திக்குவாயன ராசாகிட்ட பேச அனுப்புனவரு நம்ம ஆண்டவர்னு எத்தன வருசம் பிரசங்கம் பண்ணுனிய? அதெல்லாம் ஊருக்கு மட்டுந்தானா? எழுதுங்க. நான் வாசிக்கேன்."

நீங்கள் என்னை ஏற இறங்கப் பார்த்தீர்கள். பிறகு எழுதினீர்கள். "ஏட்டி, நீயா?"

நியாயமான கேள்வி. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளைத் தவிர யார் முன்னாலும் நான் வாய் திறந்ததில்லை. பெண்கள் ஐக்கியக் கூட்டத்தில் ஜெபிக்கச் சொன்னால்கூடப் பக்கத்தில் இருப்பவளை இடித்துவிடுவேன். ஆனாலும் வாய் தவறி வந்த சொல்லை நான் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. சேகர குருவுக்குக் கடிதம் எழுதி மூன்று மாத அவகாசம் கேட்டேன். அவர் தந்தார். சனிக்கிழமை ராத்திரி நீங்கள் எழுதிக் கொடுத்தீர்கள்.

முதல் ஞாயிறு. பொம்பளை பிரசங்க பீடத்தில் ஏறுவதா என்று இரண்டு பேர் முணுமுணுத்ததால் கீழே, முதல் வரிசைக்கு முன்னால் நின்றேன். மூன்றாவது வரியில் எழுத்துகள் கலங்கின. வாசித்த இடம் தவறிப்போனது. யாரோ ஒருவர் எழுந்து வெளியே போனார். அவ்வளவுதான், முடிந்தது என்று நோட்டை மூடப்போனேன்.

அப்போது நீங்கள் பெஞ்சிலிருந்து எழுந்து வந்தீர்கள். என் பக்கத்தில் நின்று நோட்டைத் திறந்து, விட்ட வரியில் விரலை வைத்தீர்கள். விரல் நகர்ந்தது. நான் அதன் பின்னால் வாசித்துக்கொண்டே போனேன். நீங்கள் நிறுத்திய இடத்தில் நிறுத்தினேன். தாளை லேசாகத் தட்டிய இடத்தில் சத்தத்தை உயர்த்தினேன்.

"எனக்காக எல்லாரும் ஜெபித்தீர்கள். நாம் கேட்டது நடக்கவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண் விழித்ததும் ஆண்டவரைக் கூப்பிட்டேன். சத்தம் வரவில்லை. இனி அவருக்கு எப்படிக் கேட்கும் என்று பயந்தேன். வீட்டுக்கு வந்தும் அந்தப் பயம் போகவில்லை. ஞாயிறுதோறும் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். இன்றும் பயத்தோடுதான் வந்து நிற்கிறேன். ஆனால் வந்திருக்கிறேன். அவருடைய வல்லமையைப் பற்றி இன்றைக்கு எனக்குச் சொல்லத் தெரிந்தது இவ்வளவுதான்."

ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது தங்கராஜ் அண்ணாச்சி செருப்பை மாட்டிக்கொண்டே, "பிரசங்கம் சின்னதா இருந்துச்சு. நல்லது" என்றார். நீங்கள் தோள் குலுங்கச் சிரித்தீர்கள். ஆபரேஷனுக்குப் பிறகு அன்றைக்குத்தான் நீங்கள் சிரித்துப் பார்த்தேன்.

எல்லாரும் உடனே மாறிவிடவில்லை. இரண்டு குடும்பங்கள் பக்கத்து ஊர்க் கோயிலுக்குப் போய்விட்டன. நீங்கள் சைக்கிளை எடுத்துக்கொண்டு சபையாரை வீடு வீடாகச் சந்திக்கப் போக ஆரம்பித்தீர்கள். போனால் உட்கார்ந்திருப்பீர்கள். முன்பெல்லாம் ஒருவர் கஷ்டத்தைச் சொல்லி முடிப்பதற்குள் நீங்கள் ஆறுதல் சொல்லத் தொடங்கிவிடுவீர்கள். இப்போது அது முடியாது. அவர்கள் கடைசிவரை சொன்னார்கள். மகனைப் பாம்பு கடித்துப் பறிகொடுத்த செல்லம்மாள், அவன் போன பிறகு அவன் பெயரை வாயால் சொன்னதே உங்கள் முன்னால்தான் என்றாள்.

வைகாசிக் காற்றில் தங்கராஜ் அண்ணாச்சியின் வாழை முழுவதும் சாய்ந்தது. தார் வெட்ட இரண்டு வாரமே இருந்தது. அன்று சாயங்காலம் அவரே நம் வீட்டுக்கு வந்தார். சொன்னார், அழுதார், ஆண்டவரைத் திட்டவும் செய்தார். நீங்கள் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தீர்கள். பிறகு நோட்டில் ஒரு வரி எழுதி நீட்டினீர்கள்.

"கண்ணாடி கொண்டுவரல. வாசிங்க டீச்சரம்மா" என்றார்.

வாசித்தேன். "காலையில நானும் அருவாளோட வாறேன்."

மறுநாள் காலை இரண்டு பேரும் சாய்ந்த மரங்களை வெட்டி ஒதுக்கினீர்கள். அதற்குப் பிறகு வேறு உபதேசியார் வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. ஆறு வருஷம் நீங்கள் எழுதினீர்கள், நான் வாசித்தேன்.

நோய் மறுபடி வந்தபோது உபவாசம் இருக்க எனக்குத் தெம்பில்லை. ஊர் உலகத்துக்கெல்லாம் விசுவாசத்தை வாசித்துக் காட்டியவள், ஆஸ்பத்திரியில் உங்கள் கட்டில் பக்கத்தில் முழங்காலில் நின்றுகொண்டு, ஒரு வார்த்தையும் வராமல் இருந்தேன். "எனக்கு ஜெபிக்க வரல" என்றேன். நீங்கள் என் தலையில் கை வைத்தீர்கள். எழுதக் கையில் பலமில்லை. உதடுகள் மட்டும் அசைந்தன. வெகுநேரம் அசைந்தன. என்ன கேட்டீர்கள் என்று எனக்குப் புரியவில்லை. சுகத்தைக் கேட்டீர்களா, எனக்காகக் கேட்டீர்களா, தெரியாது. உதடு நின்றதும் நான் "ஆமென்" என்றேன். நான்காம் நாள் போய்விட்டீர்கள்.

உங்களுக்குப் பிறகு பெண்கள் ஜெபக்கூட்டத்தை நான் எடுத்து நடத்தினேன். இப்போது பாளையங்கோட்டையில் மகளோடு இருக்கிறேன். இங்கேயும் நடத்துகிறேன். கேட்டது கிடைக்காத வீடுகளுக்குத்தான் அதிகம் போகிறேன். போன வாரம் ஒரு பெண், இருபத்தாறு வயது, இரண்டாம் பிள்ளையையும் பிறந்த அன்றே இழந்தவள், ஜெபிக்க உதட்டை அசைத்தாள், சத்தம் வரவில்லை. அவள் முடிக்கும்வரை காத்திருந்தேன். முடித்ததும், நீங்கள் தட்டிக் காட்டும் இடங்களில் வாசிப்பேனே, அந்தச் சத்தத்தில் ஆமென் சொன்னேன்.