புதன்கிழமை மூன்று மணி நேரம்

ஜூன் 4, 2025, புதன்

விருதுநகர் மிளகாய் வற்றல் நாற்பது மூட்டை வந்தது. இரண்டில் ஈரம். திருப்பி ஏற்றிவிட்டேன். லாரிக்காரர் முணுமுணுத்தார். முணுமுணுப்புக்கெல்லாம் நான் விலை கொடுப்பதில்லை.

மதியம் தம்பானூர். இரண்டு ஹோட்டல்களில் மல்லிக்கும் வற்றலுக்கும் ஆர்டர் எடுத்தேன், அரை மணி நேரம். வீட்டில் சொல்லிவிட்டுப் போகும் வேலை அதுதான். பிறகு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் உள்ள லாட்ஜ். இரண்டு மணிக்குச் சாவி, ஐந்துக்குத் திருப்பித் தரவேண்டும். தொள்ளாயிரம் ரூபாய்.

அங்கே என்ன செய்கிறேன்? தாழ்ப்பாள் போடுகிறேன். போனை அணைக்கிறேன். படுக்கிறேன். அவ்வளவுதான். சில நாள் உறங்குவேன், சில நாள் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு கிடப்பேன். நாற்பத்தெட்டு வயதில், நான் மட்டும் இருக்கும் அறையின் கதவை நானே சாத்திக்கொண்டது இங்கேதான் முதல் தடவை. கோவில்பட்டியில் எட்டுப் பேருக்கு ஓர் அறை. கல்யாணமான பிறகு கடைக்கு மேலேயே வீடு. யார் வேண்டுமானாலும் படியேறி வருவார்கள். குளிக்கப் போனால்கூட வெளியே நின்று புளி என்ன விலை என்று கேட்பார்கள்.

லாட்ஜில் சாவி தருகிற மலையாளப் பெண் ஷிஜா. முதல் நாள் ஆதாரை வாங்கிக்கொண்டு என் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள், யார் வருகிறார் என்று. யாரும் வரவில்லை. இப்போது, "இன்னைக்கும் ஒறங்கத்தானே சேச்சி?" என்று சிரிக்கிறாள்.

ஒரு புதன் விட்டு ஒரு புதன். எட்டு மாதமாயிற்று. இவருக்கு, என் வீட்டுக்காரருக்கு, தெரியாது.

ஜூன் 6, வெள்ளி

காசு எங்கிருந்து வருகிறது என்பதையும் எழுதிவைக்கிறேன். இங்கேயாவது பொய் வேண்டாம்.

காலிச் சாக்கு. எங்கள் கடை இருக்கும் ஆரியசாலையில் எந்த மொத்தக் கடையிலும் சாக்கு விற்ற காசு பேங்குக்குப் போகாது. சாயாவுக்கும் வெள்ளிக்கிழமைப் பூசைக்கும் போகும். யாரும் எழுதிவைப்பதில்லை. காலிச் சாக்கு வாங்க வரும் தங்கபாண்டி சாக்கு ஒன்றுக்கு இருபத்திரண்டு ரூபாய் என் கையில் கொடுக்கிறான். வீட்டில் பன்னிரண்டு என்று சொல்லியிருக்கிறேன். மிச்சம் பத்து எனக்கு.

இது திருட்டா? என் கடையில் நானே எடுத்தால் எப்படித் திருட்டு? — ஆனால் சட்டம் போட்டதே நான்தானே.

2018இல் இவர் வேட்டி மடிப்புக்குள் ஒரு கட்டு லாட்டரிச் சீட்டு கண்டுபிடித்தேன். மூன்று வருடச் சீட்டு. குடோனுக்கு அட்வான்ஸ் கொடுக்க வைத்திருந்ததில் இரண்டு லட்சத்து அறுபதாயிரம் போயிருந்தது. அன்று நான் பேசிய பேச்சு ஆரியசாலைக்கே கேட்டிருக்கும். மறுநாள் பேங்குக்கு இழுத்துக்கொண்டு போனேன். ஒரே அக்கவுண்ட், மெசேஜ் இரண்டு போனுக்கும். ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் ஒரு ரூபாய் தொடக்கூடாது. ஏழு வருடமாக மனுஷர் அதை மீறவில்லை.

நான் மீறினேன்.

ஜூன் 12, வியாழன்

விடாத மழை. மல்லி விலை ஏறும். இருபது மூட்டை கூடுதலாகச் சொல்லிவைத்தேன்.

ஜூன் 18, புதன்

போச்சு.

நான் லாட்ஜில் படுத்துக் கிடந்த நேரத்தில் தங்கபாண்டி கடைக்கு வந்திருக்கிறான். நூற்றெண்பது சாக்கு. இவர்தான் எண்ணிக் கொடுத்திருக்கிறார். கையில் காசு இல்லையென்று அந்தப் பயல் கடைப் பலகையில் ஒட்டியிருக்கும் கியூஆர் அட்டையை ஸ்கேன் பண்ணிவிட்டான். மேசை மேலிருக்கும், பணம் வந்தால் பேசும் பெட்டி, மூவாயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபது வந்தது என்று மலையாளத்தில் ஊருக்கே கேட்கிற மாதிரி சொல்லியிருக்கிறது.

நான் படியேறும்போது இவர் சாவகாசமாகக் கேட்டார். "சாக்கு வெல ஏறிச்சா, செண்பகம்?"

"ஆமா. இந்த மாசந்தான் ஏத்தினான்" என்றேன். யோசிக்கவே இல்லை. வாய் தானாகச் சொன்னது. அத்தனை பழகியிருக்கிறது.

ஜூன் 19, வியாழன்

தங்கபாண்டியைப் பிடித்து உலுக்கினேன். அவன் முழித்தான். "யக்கா, அண்ணாச்சி நேத்தே வெல கேட்டாவ. ரெண்டு வருசமா இருபத்திரண்டுதான்னு சொல்லிட்டேன். தப்பாக்கா?"

அவன் மேல் என்ன தப்பு. ஆக, எல்லாம் தெரிந்துகொண்டுதான் இவர் என்னிடம் கேட்டிருக்கிறார். நான் பொய் சொல்லும்போது என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார்.

ஜூன் 21, சனி

இன்னும் ஒன்றும் கேட்கவில்லை. தோசைக்குச் சட்னி போதும் என்றார். சத்தம் போட்டாலும் பரவாயில்லை. இந்தப் பேசாத மனுஷரோடு எப்படி வியாபாரம் பேச?

ஜூன் 22, ஞாயிறு

கடை இல்லை. மகள் ஆர்ஷா கல்லூரிச் சிநேகிதி வீட்டுக்குப் போயிருந்தாள். இவர் எதிரே வந்து உட்கார்ந்தார்.

"அந்தச் சாக்குக் காச ஒனக்க தம்பிக்குக் குடுக்கியா? அவனுக்குக் கஷ்டம்ணா எங்கிட்டச் சொல்லிட்டே குடுக்கலாமே. நான் வேண்டாம்ணா சொல்லுவேன்?"

நல்ல விலை. அவராகவே கொண்டுவந்து வைத்த விலை. 'ஆமா, தம்பிக்குத்தான்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். இவர் மனசும் ஆறும், என் மரியாதையும் நிற்கும். தம்பியும் கேட்டால் ஆமா என்பான். இத்தனை வருட வியாபாரத்தில் இப்படித் தானாக வந்த லாபத்தை நான் தள்ளியதே இல்லை.

தள்ளினேன். ஏன் என்று இப்போதும் சரியாகத் தெரியவில்லை. அந்த முகத்துக்கு முன்னால் மூன்றாவது பொய்யும் சொன்னால் அதற்கப்புறம் இந்த வீட்டில் எனக்கு உண்மை என்று ஒன்றுமே மிஞ்சாது — அப்படித் தோன்றியது.

"தம்பிக்கு இல்ல. தம்பானூர்ல லாட்ஜுல ரூம் எடுக்கேன்."

அவர் முகம் வெளுத்தது. "யாருகூட?" என்றார்.

"தலகாணிகூட."

சிரிப்பு வரும் என்று நினைத்துத்தான் சொன்னேன். வரவில்லை. எழுந்து கீழே போய், பூட்டிய கடைக்குள் இருட்டில் உட்கார்ந்துவிட்டார்.

ஜூன் 25, புதன்

இது லாட்ஜ் இல்லாத புதன்தான். ஆனாலும் தம்பானூர் ஆர்டரைப் போனிலேயே எடுத்தேன். எங்கும் போகவில்லை.

இவர் கல்லாவில் இருக்கிறார், பேச்சு இல்லை. வாடிக்கையாளர் முன்னால் மட்டும் "மல்லி எவ்வளவு?" என்பார். நானும் விலை சொல்வேன். லாட்ஜில் தனியாகத்தான் இருந்தேன் என்பதை இவர் நம்பாவிட்டால் என்ன செய்வேன்? கல்யாணமாகி இருபத்திநாலு வருடம். நானே அந்த இடத்தில் இருந்தால் நம்புவேனா? மாட்டேன். லாட்ஜைத் தலைகீழாகப் புரட்டியிருப்பேன்.

ஜூலை 1, செவ்வாய்

"நாளைக்கு நானும் வாறேன்" என்றார். அவ்வளவுதான்.

ஜூலை 2, புதன்

போனோம். ஆட்டோவில் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு.

ஷிஜா எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். "அய்யோ சேச்சி, இன்னைக்கு சாரும் உண்டோ? ரெண்டு பேர்னா ஆயிரத்தி இருநூறு ஆவும்."

இவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "இவங்க வரும்போ யாரு கூட வருவாங்க?"

"ஆரும் இல்ல சாரே. வரும், ஒறங்கும், போவும். ஒரு தெவசம் அஞ்சு மணி ஆயிட்டும் எழும்பல. நான் பயந்து போயி கதவத் தட்டினேன்." அப்புறம் கொஞ்சம் கோபமாகவே, "இவிடெ ஆளுகள் என்னெல்லாமோ செய்யுது. இந்தச் சேச்சி காசு குடுத்து ஒறங்குது" என்றாள்.

அறைக்கு வந்தார். கட்டில், ஒரு ஸ்டூல், ஜன்னலில் கம்பி. கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து சுவரைத் தட்டிப் பார்த்தார். வாடகைக்குக் குடோன் பார்க்கிறவர் மாதிரி.

"இதுக்கா?"

"இதுக்குத்தான்."

"வீட்டுல கட்டில் இல்லியா?"

"இருக்கு. கூப்பிடுறதுக்கு ஆளும் இருக்கு."

தலையைக் குனிந்துகொண்டு பேச ஆரம்பித்தார். நிறுத்தவே இல்லை.

"முடி வெட்ட நூறு ரூவா குடுத்தாலும் ஒனக்க போன்ல மணியடிக்கும், கேட்டியா? ரோட்டுல சிநேகிதக்காரன் ஒருத்தன் வந்தா சாயா வாங்கிக் குடுக்க யோசிப்பேன். ராத்திரி நீ கேப்பியே, யாருக்கு அந்த நாப்பது ரூவாண்ணு. தப்பு செஞ்சவன்தானே, இருக்கட்டும்ணு ஏழு வருசம் இருந்தேன். ஒனக்கும் மூச்சு முட்டுச்சுண்ணா, ஒனக்கு மட்டும் கதவு வேணும்ணா — எனக்கு வேண்டாமாட்டி?"

எதற்கும் பதில் வைத்திருக்கிறவள் நான். "தப்புதாங்க" என்றேன். அந்த வார்த்தையை அவரிடம் இதற்கு முன் சொல்லியிருக்கிறேனா? ஞாபகமில்லை.

எழுந்தார். வாசலில் நின்று, "நான் போறேன். காசு குடுத்தாச்சு, கெட. உள்ள தாப்பா போட்டுக்கோ" என்றார். கதவை அவரே மெல்லச் சாத்தினார்.

உறங்கினேன். ஐந்து மணிக்கு ஷிஜா தட்டித்தான் எழுப்பினாள்.

கீழே கேட்டேன். ஒரு ஆளுக்கு உள்ள தொள்ளாயிரம்தான் கொடுத்திருக்கிறார். பேரம் பேசியிருக்கிறார். பரவாயில்லை, என் புருஷன்தான்.

ஜூலை 6, ஞாயிறு

புதுச் சட்டம். மாதம் ஆளுக்கு ஒரு தொகை, ரொக்கமாக. எதற்கென்று கேட்கக்கூடாது. அவர் மூவாயிரம் கேட்டார். நான் ஆயிரத்தைந்நூறில் ஆரம்பித்தேன். இரண்டாயிரத்தில் முடிந்தது. சாக்குக் காசு முழுதாகப் பேங்குக்கு.

"லாட்டரி?" என்றேன்.

"கேக்கப்படாதுண்ணு இப்பத்தானே சொன்ன."

ஆர்ஷா குறுக்கே புகுந்தாள். "அப்போ எனக்கோ? ஞானும் இந்த வீட்டில உள்ளதுதானே." அவளுக்கு ஐந்நூறு. என்னைவிட நன்றாக நேரம் பார்த்துக் கேட்கிறாள். தேறிவிடுவாள்.

எனக்குப் பயம் இல்லாமல் இல்லை. இரண்டு லட்சத்து அறுபதாயிரம் மறக்கவா முடியும்? ஆனால் மாதம் இரண்டாயிரம் என்பது தாங்கக்கூடிய நஷ்டம். ஈரமான பத்துக் கிலோ வற்றல், அவ்வளவுதான். இந்த ஏழு வருடமும் அவருக்கு ஆன நஷ்டத்தை நான் பார்க்கவே இல்லை.

ஜூலை 16, புதன்

"லாட்ஜுக்குப் போறேன்" என்று கடையிலேயே உரக்கச் சொல்லிவிட்டேன். வற்றல் வாங்க வந்த ஆள் திரும்பிப் பார்த்தார். இவர் தராசிலிருந்து கண்ணை எடுக்காமல், "அஞ்சரைக்குள்ள வந்திரு, லோடு வருது" என்றார்.

ஆகஸ்ட் 9, சனி

ஓணத்துக்குச் சரக்கு இறங்க ஆரம்பித்துவிட்டது. நிற்க நேரமில்லை. மூன்று மணிக்கு இவர் மேலே போய், இஸ்திரி போட்ட சட்டையோடு கையில் ஒரு துணிப்பையும் எடுத்துக்கொண்டு இறங்கி வந்தார்.

"போயிட்டு வாறேன்."

எங்கே? நாக்கு நுனி வரை வந்தது. "சரி" என்றேன். அப்புறம் ஒரே மல்லி மூட்டையை இரண்டு தடவை நிறுத்தேன். ஆர்ஷா பார்த்துச் சிரித்தாள்.

ஆறரைக்கு வந்தார். தலைமுடி ஈரம். கால் விரலிடுக்கில் மணல். படியேறும்போது மெல்ல விசிலடித்தார். இந்த மனுஷருக்கு விசிலடிக்கத் தெரியும் என்பதே இன்றுதான் எனக்குத் தெரிந்தது. பையைக் குளியலறை வாசலில் வைத்துவிட்டுக் கல்லாவுக்குப் போனார்.

பைக்குள் நனைந்த துவர்த்துத் துண்டு. உப்பு வாடை.

நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசி, பிழிந்து, கொடியில் போட்டேன்.