சேலத்தில் நான் பெருமாளாகப் படுத்தது

1979 ஆடி, செவ்வாய்.

காலையிலேயே புழுக்கம். சூரமங்கலம் லாட்ஜ். ஃபேன் சுற்றுகிறது, காற்றுதான் இல்லை. குகை என்ற பேட்டைக்குப் போகும் டவுன் பஸ் பாதி வழியோடு சரி. மாரியம்மன் பண்டிகையாம், நடக்க வேண்டியதுதான். யாரோ இடித்ததில் சட்டையெல்லாம் கூழ்.

சேலம் திருவிழா பார்க்கப் போவதாகத்தான் அப்பாவிடம் சொல்லியிருக்கிறேன். கும்பகோணத்தில் எங்கள் வீட்டில் சரசக்கா பெயரை எடுக்கக்கூடாது. தறிக்காரர் மாணிக்கத்தைக் கட்டிக்கொண்டு போனவள். அதன்பின் ஒருவரும் அவளைப் பார்க்கவில்லை. குகையில் இருக்கிறாள் என்பதுவரை தெரியும். பார்க்காமல் ஊர் திரும்புவதில்லை.

குகையில் டீக்கடை வைத்திருக்கும் கோவிந்தனிடம் விசாரித்தேன். "எந்த மாணிக்கமுங்க? இங்க எல்லாருமே தறிதானுங்க. பண்டிகைல எல்லா ஊடும் பூட்டித்தானுங்க கெடக்கும்."

புதன்.

மழை வரும்போல் இருந்து வரவில்லை. நாலு மாணிக்கம் பார்த்தாயிற்று. ஒருவரும் அத்தான் இல்லை. ஒருவர் என்னைப் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை என்று நினைத்துக் காபி வேறு கொடுத்தார். காலில் கொப்புளம். தேங்காய் எண்ணெய் வாங்க வேண்டும்.

வியாழன், மத்தியானம்.

சாயங்காலம் வண்டி வேடிக்கை. சாமி வேஷம் கட்டிய ஆட்கள் ஜோடித்த வண்டிகளில் வருவார்கள், ஊரே தெருவில் நிற்குமாம். டீக்கடைக் கோவிந்தன் வண்டியில் பள்ளிகொண்ட பெருமாள். அந்தப் பெருமாளுக்கு வயிற்றுப்போக்கு!

"நீங்க சும்மா படுத்துக்கிட்டாப் போதுமுங்க. மேல இருந்து பாத்தா ஒரு மூஞ்சி தப்பாதுங்க," என்றார் கோவிந்தன்.

எனக்கும் சரி என்றே பட்டது. அக்கா எப்படியும் வேடிக்கை பார்க்க வருவாள். வேஷம் கலைக்கும்வரை பேசக்கூடாது, அசையக்கூடாதாம். உடம்பெல்லாம் நீலம் பூசப் போகிறார்கள்.

வெள்ளி, காலை.

முட்டாள். நான் வடிகட்டின முட்டாள். ஒருக்களித்துப் படுத்தால் தெருவில் ஒரு பக்கம்தான் தெரியும். ஆதிசேஷன் தலை ஒன்று பிடரியில் குத்திக்கொண்டே வந்தது. நீலம் அரிப்போ அரிப்பு.

நல்லவேளை, அக்கா நான் பார்த்த பக்கம்தான் நின்றாள். இளைத்திருக்கிறாள். இடுப்பில் பெண் குழந்தை. என்னை நேருக்கு நேர் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நீலம் பூசிய முகம் எப்படி அடையாளம் தெரியும்? அதையும் நான் யோசிக்கவில்லை. வண்டி நகர்ந்தது. பொறுக்க முடியாமல், "சரசக்கா!" என்று கத்திவிட்டேன்.

"பெருமாள் பேரு சொல்லிக் கூப்புடறாருடோய்!" என்று கூட்டத்தில் யாரோ கத்த, உடனே மேளம், கற்பூரம். புகையில் அவளைக் காணோம். கோவிந்தன், "ஏனுங்க, இப்படிக் கெடுத்துப்போட்டீங்களே!" என்று பல்லைக் கடித்தார்.

வெள்ளி, மாலை.

குகை முழுவதும் இதே பேச்சு. பெருமாள் கூப்பிட்டது தன்னைத்தான் என்று மூன்று சரசுகள் சொல்கிறார்களாம். கோபம் தணிந்து கோவிந்தனே கூட்டிப்போனார். முதல் சரசுவுக்கு எழுபது வயது இருக்கும். இரண்டாவது சரசு, நான்தான் பெருமாள் என்று கோவிந்தன் சொன்னதும் காலில் விழுந்துவிட்டாள். மூன்றாவது வீட்டில் அக்கா.

கதவைப் பிடித்தபடி நின்றாள். என் காதோரம் போகாமல் இருந்த நீலத்தையே பார்த்தாள்.

"நீதானாடா அது?"

"ஆமாக்கா."

"அப்பா அனுப்பினாரா?"

ஆமாம் என்று பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை.

"இல்லக்கா. அவருக்குத் தெரியாது. திருவிழா பாக்கப் போறேன்னு சொல்லிட்டு வந்தேன்."

"அப்ப நீயாத்தான் வந்திருக்கே," என்றாள். அவ்வளவுதான், அழுகை பொத்துக்கொண்டு வந்தது. குழந்தையை என் கையில் திணித்துவிட்டு உள்ளே ஓடினாள். குழந்தை என்னைப் பார்த்து வீல் என்று அலறியது. எனக்குச் சமாதானப்படுத்தத் தெரியவில்லை. நானும் அழுதுகொண்டிருந்தேன்.