12-3 போய் 27-4 வந்த கதை

பிப்ரவரி 13, திங்கள்

வாசலில் இன்னும் ஐஸ். தபால்காரர் விழவில்லை, நான்தான் விழுந்தேன். இடுப்புக்கு ஒன்றுமில்லை. இந்த மாதம் எங்கள் குடும்பத்துக்கு ஒரு இடுப்பு போதும். அது என் மனைவி மார்வீனின் அக்கா லவோனுடையது. உடைந்து, ஆணி வைத்து, சாய்வு நாற்காலியில் கிடக்கிறாள். பேச்சு மட்டும் உடையவில்லை.

மாலை நால்வரும் அவள் வீட்டு டிவியில் 12-3 சேனல் பார்த்தோம். நாலாவது ஆள் கைலி. லவோன் நாற்பத்து மூன்று வயதில் பெற்ற கடைக்குட்டி. பள்ளிக் கூடைப்பந்து அணியில் இருக்கிறாள். அணியில் என்றால் பெஞ்சில். பன்னிரண்டாவது ஆள். 12-3 இந்தப் பக்கத்துப் பள்ளி ஆட்டங்களையெல்லாம் காட்டும், பெஞ்சையும் நடுநடுவே காட்டும். கேபிளில் அது வராது. போனில் பார்க்கலாம் என்றால், எங்கள் ஊர் இணையத்தில் வட்டம் சுற்றுவதைத்தான் பார்க்கலாம். அதனால்தான் நான்காம் தெருவில் ஒன்பது வீட்டுக்காரர்களிடம் பேசிக் கேபிளை வெட்டவைத்து, ஒன்பது கூரையிலும் என் கையாலேயே ஆண்டெனா வைத்தேன். 12இன் கோபுரம் இருக்கும் வடக்கே பார்த்து. துளி அசையாது. நெப்ராஸ்கா காற்றுக்குத் திருகாணி எந்த மூலைக்கு? எல்லாவற்றையும் வெல்டு வைத்துவிட்டேன்.

பிப்ரவரி 18, சனி

12-3இல் அடியில் ஒரு வரி ஓடியது. மார்ச் 1 முதல் இந்த இடத்தில் நகை விற்கும் சேனல் வருமாம். விளையாட்டெல்லாம் 27-4க்குப் போகிறதாம். "டிவியை மறுபடி ஸ்கேன் செய்யவும்."

27இன் கோபுரம் எங்கே இருக்கிறது? தென்கிழக்கில். இதை மார்வீனிடம் இன்னும் சொல்லவில்லை.

பிப்ரவரி 20, திங்கள்

நிலையத்துக்குப் போன் செய்தேன். ஒரு பெண் தேன் மாதிரி பேசினாள். ஸ்கேன் செய்தால் போதும் என்றாள். என் ஆண்டெனா வடக்கே பார்க்கிறது என்றேன். அப்படியானால் லேசாகத் திருப்பிப் பாருங்கள் என்றாள். லேசாகவாம்! வெல்டு வைத்த விஷயத்தை அவளிடம் எப்படிச் சொல்வது? நன்றி சொல்லி வைத்துவிட்டேன்.

பிப்ரவரி 21, செவ்வாய்

மார்வீனிடம் சொன்னேன். சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "முப்பது வருஷம் ரோடு போட்ட ஆளு நீ. திரும்பக் கழட்டுற மாதிரி உனக்கு ஒண்ணுமே செய்யத் தெரியாது" என்றாள்.

பிப்ரவரி 24, வெள்ளி

எங்கள் பள்ளிப் பெண்கள் ஜெயித்துவிட்டார்கள். நாற்பத்தொரு வருடத்துக்குப் பிறகு ஸ்டேட் போட்டிக்குப் போகிறோம்! வியாழக்கிழமை, மதியம் இரண்டு மணி, லிங்கனில். தீயணைப்பு வண்டியைச் சங்கு ஊதிக்கொண்டே ஊரைச் சுற்றி ஓட்டினார்கள். நானும் கத்தினேன். அப்புறம்தான் உறைத்தது. வியாழக்கிழமை மார்ச் 2.

ஊரே லிங்கனுக்குக் கிளம்பும். லவோன் இரண்டு மணி நேரம் காரில் உட்காரவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். போன் வந்தது. நகைச் சேனல் விஷயம் அவளுக்கும் தெரிந்துவிட்டது. கத்துவாள் என்று போனைக் காதிலிருந்து தள்ளியே பிடித்திருந்தேன். அவள் கத்தவில்லை, அதுதான் பயமாக இருந்தது.

"நீ சொன்னதுனாலதான் கேபிளை வெட்டினேன், டெல்வின். கைலி ஸ்டேட்டுக்குப் போனாலும் என் நாற்காலியில உட்கார்ந்தே பார்க்கலாம்னு சொன்னே. நாற்காலி இருக்கு. நானும் இருக்கேன். மிச்சத்தை நீ பாரு."

சொன்னேனா? சொன்னேன். அவள் சமையலறையில், வாய் நிறையக் கேக்கோடு சொன்னேன்.

பிப்ரவரி 26, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் அறுக்கும் மெஷினோடு லவோன் வீட்டுக் கூரையில் ஏறினேன். மார்வீன் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு பரலோகத்தில் இருப்பவரிடம் என்னைப் பற்றி ஏதோ பேசிக்கொண்டிருந்தாள். இரண்டு மணி நேரம் தீப்பொறி. என் வெல்டிங் நல்ல வெல்டிங். வேறு எவனாவது வைத்திருந்தால் பத்து நிமிடத்தில் பெயர்ந்திருக்கும். தன் வினை தன்னைச் சுடும் என்பது சரிதான், இடது சட்டைக் கையில் ஓட்டையே விழுந்துவிட்டது.

மார்ச் 1, புதன்

எழுதவே பிடிக்கவில்லை.

காலை பத்து மணி. நான் கூரையில், மார்வீன் ஜன்னலில், லவோன் ரிமோட்டோடு நாற்காலியில். ஏற்பாடு இதுதான்: நான் தென்கிழக்கே திருப்பி 'ம்' என்றதும் மார்வீன் சொல்வாள், லவோன் ஸ்கேன் அழுத்துவாள். பாதி திருப்பும்போது கை வழுக்கியது. "ம்ம்மா" என்று கத்தினேன். லவோன் அழுத்திவிட்டாள். ஆண்டெனா அப்போது வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. பழைய சேனல் எல்லாம் அழிந்தது, புதிதாக எதுவும் வரவில்லை. டிவியில் பெரிதாக ஒரு பூஜ்ஜியம்.

சரியாகத் திருப்பி மறுபடி ஸ்கேன் செய்தோம். அப்போதும் பூஜ்ஜியம். இறங்கி வந்து தெற்கே பார்த்தேன். ஐம்பது வருடமாகத் தினமும் பார்ப்பதுதான்: கூட்டுறவுச் சங்கத்தின் ஆறு கான்கிரீட் தானியக் கோபுரங்கள், தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை. அந்தச் சுவரைத் துளைத்துக்கொண்டு எந்த அலை வரும்? ஒன்பது வீட்டுக்கும் இதே கதிதான். அந்தப் பக்கம் சோளக்காடும், தானிய லாரிகளை நிறுக்கும் சங்கத்தின் எடைமேடையும் மட்டும்தான்.

லவோன் ரிமோட்டைக் கீழே வைக்கவில்லை. வெற்று டிவியையே பார்த்துக்கொண்டிருந்தாள். கைலி நாளைக்குப் போடப்போகும் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டே, "விடும்மா, என்னை இறக்கவே மாட்டாங்க" என்றாள். எனக்கு என்னவோ போல ஆகிவிட்டது. வண்டியை எடுத்துக்கொண்டு போய் ஊருக்கு வெளியே அரை மணி நேரம் சும்மா நின்றேன்.

சும்மா இல்லை. வண்டியில் பழைய ஆண்டெனாவும் குட்டி டிவியும் இருந்தன. எடைமேடை அறைப் பக்கம் ஒரு தடவை பிடித்துப் பார்த்தேன். 27-4 கண்ணாடி மாதிரி தெரிந்தது. நாற்காலி இருக்கு, நானும் இருக்கேன் என்றாளே. சரி.

மார்ச் 2, வியாழன்

வரிசையாக எழுதுகிறேன், இல்லாவிட்டால் மார்வீன் நாளைக்கு வேறு மாதிரி சொல்லுவாள்.

எடைமேடையைப் பார்த்துக்கொள்ளும் டோரன்ஸ் அறையைக் கொடுத்தார்; ஆண்டெனாவை ஜன்னலுக்கு வெளியே கட்டி, குட்டி டிவியை உள்ளே வைத்தேன். பன்னிரண்டரைக்கு லவோனை நாற்காலியோடு தூக்கித் தட்டையான ட்ரெய்லரில் வைத்து, சோளம் இறக்க வந்த நான்கு பேர் பிடித்துக்கொள்ள, மணிக்கு மூன்று மைல் வேகத்தில் ஓட்டினேன். காரில்தான் உட்காரக்கூடாது என்றார் டாக்டர். ட்ரெய்லரைப் பற்றி வாயே திறக்கவில்லை. போர்வை, சால்வை, மடியில் இறைச்சியும் பீன்ஸும் போட்ட சில்லிச் சட்டி, அதன் மேல் இனிப்புச் சினமன் ரோல் தட்டு. தேர் மாதிரி வந்தாள்.

அறைக்குப் போக எடைமேடை மேல் ஏறித்தான் போகவேண்டும். இருபத்தெட்டு வருடமாக டோரன்ஸ் அதன் மேல் ஏறிய எதையும் எடை போடாமல் விட்டதில்லை. கை தானாகப் பொத்தானுக்குப் போயிருக்கிறது. வெளியே சிவப்புப் பலகையில் எண் எரிந்தது. அவளை இறக்கிவிட்டுத் திரும்பும்போது இன்னொரு எண். ஆறு விவசாயிகள் வாசலில் நின்று கழித்தல் கணக்குப் போட்டார்கள். டோரன்ஸ் சீட்டே அடித்துவிட்டார்: சரக்கு, சோளம். ஈரப்பதம் என்ற இடத்தை மட்டும் காலியாக விட்டிருந்தார், புத்திசாலி.

லவோன் சீட்டைப் பிடுங்கிச் சால்வைக்குள் செருகிக்கொண்டாள். "இதுல நாற்காலியும் சில்லியும் இருக்கு. கேட்கிறவங்களுக்குச் சொல்லு" என்றாள்.

ஆட்டம் மோசம். பாதியிலேயே பதினாறு புள்ளி பின்னால். சில்லி தீர்ந்தது. கடைசி ஒரு நிமிடம். இருபத்து நாலு புள்ளி பின்னால். பயிற்சியாளர் பெஞ்சின் ஓரத்தைப் பார்த்து விரலை நீட்டினார். கைலி எழுந்தாள். தன்னைத்தானா என்று பின்னால் திரும்பிப் பார்த்தாள், பைத்தியக்காரப் பெண். சீருடைக்கு மேலே போட்டிருந்த சட்டையைக் கழற்றினாள்.

படம் கட்டம் கட்டமாக உடைந்தது.

ஜன்னலில் பார்த்தேன். சோள லாரி ஒன்று எடைமேடைக்கு ஏறிக்கொண்டிருந்தது. இன்னும் பத்தடி வந்தால் ஆண்டெனாவை முழுசாக மறைத்துவிடும். கோட் இல்லாமல் வெளியே ஓடினேன். லாரியின் மூக்குக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்து நின்று, பின்னால் போ பின்னால் போ என்று தள்ளினேன். டிரைவர் தலையை நீட்டிக் கேட்டதை இங்கே எழுத முடியாது. ஆனால் பின்னால் போனான். நான் நகரவில்லை. காற்றென்றால் காற்று, காது விழுந்துவிடும் போலிருந்தது. உள்ளே எல்லோரும் கத்துவது கேட்டது. எல்லாவற்றுக்கும் மேலே லவோனின் குரல், "என் பொண்ணு, அது என் பொண்ணு" என்று.

அவ்வளவுதான் எனக்குத் தெரியும். உள்ளே போனபோது விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. 67க்கு 43. தோற்றுவிட்டோம். லவோன் அழுதுகொண்டிருந்தாள். என் கையைப் பிடித்து, "ஐஸ் மாதிரி இருக்கு, மடையா" என்று சொல்லித் தன் போர்வைக்குள் வைத்துக்கொண்டாள்.

மார்ச் 3, வெள்ளி

சளி. காப்பிக் கடையில் லவோனின் எடை பற்றிப் பந்தயம் நடக்கிறதாம். எனக்கு எதுவும் தெரியாது.

மார்ச் 11, சனி

லவோனின் ஆண்டெனாவை மறுபடி வடக்கே திருப்பினேன். இந்த முறை திருகாணி மட்டும். 12-3இல் நகை பார்க்கிறாள். எல்லாமே போலி என்று திட்டிக்கொண்டே பார்க்கிறாள்.

நான் பார்க்கவில்லை என்பது அவள் மனதை அறுக்கிறது. போகும்போதெல்லாம் உட்காரவைத்து அந்த ஒரு நிமிடத்தைச் சொல்கிறாள். அரை மணி நேரம் ஆகும். முதல் நாள் கைலி எறிந்த பந்து வளையத்தைத் தொடவே இல்லை. செவ்வாய்க்கிழமை வளையத்தில் பட்டுச் சுற்றி வெளியே விழுந்தது. இன்று உள்ளே போய்விட்டது. கைலி வாசல் நிலையில் சாய்ந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அம்மாவுக்குத் தெரியாமல் என்னைப் பார்த்துத் தலையை இல்லை என்று ஆட்டினாள்.

ஊரிலேயே பார்க்காத ஆள் நான் ஒருவன்தான். அப்புறம் என்ன ஆச்சு, லவோன் என்று கேட்டேன்.