தபசு மரத்தடியில் விழுந்த பழம்

திருத்தணி,
சித்திரை மாதம், வெள்ளிக்கிழமை.

அன்புள்ள பாவாவுக்கு,

அனு எழுதுவது. இங்கே நானும் அத்தையும் நலம். நீங்களும் நலமாக இருந்து, வேளைக்குச் சாப்பிட வேண்டும். தினமும் போனில் பேசுகிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று யோசிப்பீர்கள். போன் வந்தாலே அத்தை ஸ்பீக்கரில் போடச் சொல்கிறார். அங்கே உங்கள் அறையிலோ ஆறு பேர். நாம் இரண்டு பேர் மட்டும் பேசி எத்தனை காலம் ஆயிற்று! சுதாகர் அண்ணன் லீவு முடிந்து ஞாயிற்றுக்கிழமை சார்ஜா திரும்புகிறார். ஊறுகாய் பாட்டிலோடு இதையும் கொடுத்தனுப்புகிறேன். தனியாக இருக்கும்போது படியுங்கள்.

மலையடிவாரத்தில் புங்கமரமெல்லாம் பூத்துக் கொட்டுகிறது. ஸ்டேஷனுக்குப் போகிற வழி முழுக்கப் பொரி இறைத்த மாதிரி கிடக்கிறது. நம் வீட்டு வேம்பும் பூத்துவிட்டது. அத்தை பழைய புடவையை மரத்தடியில் விரித்துப் பூ சேர்க்கிறார். சாயங்காலமானால் காற்று வாங்கப் பாதி ஊர் மலைப்படியில்தான் உட்கார்ந்திருக்கிறது. எனக்குத்தான் ஏறத் தெம்பில்லை. அரக்கோணத்தில் நாள் பூராவும் ஜவுளிக்கடையில் நின்று பில் போட்டுவிட்டு, ரயிலிலும் நின்றுகொண்டே திரும்பினால், வீட்டு வாசல்படி ஏறுவதே பெரிதாக இருக்கிறது.

இந்த வருடம் திரௌபதியம்மன் கோயிலில் அக்னி வசந்த விழா. பகலில் பாரதக் கதை, ராத்திரியில் கூத்து. ராட்டினம், பஜ்ஜிக்கடை, வளையல்கடை என்று தெருவே அடைத்துப் போனது. என்னோடு ரயிலில் வருகிற ஹுசைனா அக்காகூட ராட்டினம் சுற்றப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். கல்யாணமான புதிதில் நாம் பாய் போட்டுக் கூத்துப் பார்த்தோமே, ஞாபகம் இருக்கிறதா? சூதாட்டம் முடிவதற்குள் நீங்கள் என் தோளில் சாய்ந்து குறட்டை விட்டீர்கள். கோமாளி வேஷம் கட்டிய கட்டியங்காரன் அதைப் பார்த்துவிட்டுக் கேலி செய்தான், ஊரே சிரித்தது. அன்றைக்கு எனக்கு வந்த கோபம் இப்போது வந்தால் தேவலாம் என்றிருக்கிறது.

அர்ச்சுனன் தபசுக்கு அத்தை என்னைக் கேட்காமலேயே என் பெயரைக் கொடுத்துவிட்டார். சின்ன வயதில் நீங்கள் பழம் பொறுக்க ஓடினதாகச் சொல்வீர்களே, அதே தபசுதான். அர்ச்சுனன் வேஷம் கட்டியவர் பனைமரக் கம்பத்தில் ஏறிப் பாடும்போது, பிள்ளையில்லாத பெண்கள் ஈரப்புடவையோடு கீழே மடியேந்தி உட்கார வேண்டும். மேலேயிருந்து அவர் போடும் எலுமிச்சம்பழம் மடியில் விழுந்தால், அதைத் தின்றவள் அடுத்த வருடம் தொட்டில் கட்டுவாளாம்.

"அவரு அங்க, நான் இங்க. பழம் தின்னா மட்டும் எப்படி அத்தே?" என்று கேட்டேன். "அதெல்லாம் அம்மா பாத்துக்குவா. நீ வாய மூடிகினு உக்காரு" என்றார். ஹுசைனா அக்காவிடம் சொன்னால், "பழத்த பார்சல் கட்டி உங்க வூட்டுக்காரருக்கு அனுப்பும்மா" என்று ரயிலே திரும்பிப் பார்க்கச் சிரிக்கிறார். நானும் சிரித்தேன். அழுவதற்கு அது மேல்தானே.

அன்றைக்கு நல்ல வெயில். தரை சுடும் என்று நான் உட்காருகிற இடத்தில் ரெண்டு குடம் தண்ணீர் ஊற்றியது அத்தைதான். அதையும் சொல்லத்தான் வேண்டும். எனக்குப் பக்கத்தில் அம்மையார்குப்பத்துப் பெண் ஒருத்தி, வரலட்சுமி என்று பெயர். அவள் வீட்டுக்காரர் தறியை நிறுத்திவிட்டு வந்து, எங்களைச் சுற்றிக் கட்டிய கயிற்றுக்கு வெளியே தண்ணீர் பாட்டிலும் மாற்றுப்புடவையுமாக நின்றுகொண்டிருந்தார். அவள் தலை சாயும்போதெல்லாம், "ஆச்சு ஆச்சு, இன்னும் கொஞ்ச நேரந்தான்" என்று குரல் கொடுத்தார். நான் அர்ச்சுனனைப் பார்க்கவே இல்லை. அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பழம் நேராக வந்து என் மடியில் விழுந்தது.

அத்தை இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டார். சுற்றி நின்றவர்கள் குலவை போட்டார்கள். நான் பழத்தை எடுத்து வரலட்சுமி மடியில் போட்டுவிட்டேன். மடியில் விழுந்த வரத்தை இன்னொருத்திக்குக் கொடுக்கக் கூடாது என்று எனக்கும் தெரியும். யோசித்துச் செய்யவில்லை பாவா, கை தானாகப் போய்விட்டது. அவளுக்கு அதைத் தின்ன ஒரு நியாயம் இருந்தது. எனக்கு என்ன இருந்தது?

அத்தை தலையில் அடித்துக்கொண்டு போனவர்தான். நேற்று வரைக்கும் என்னோடு பேச்சில்லை. தட்டை வைப்பார், போய்விடுவார். நேற்று ராத்திரி வேப்பம்பூ ரசம் ஊற்றிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் உங்களைப் பற்றிக் கேட்டார்: "போன தபா தணிகைவேலு லீவு முடியறதுக்கு முன்னாடியே எதுக்குக் கெளம்பினான்? உனக்கு எதுனா தெரியுமா?"

எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும். சென்னை டாக்டரம்மா என்னைப் பார்த்துவிட்டு, எனக்குக் குறை ஒன்றுமில்லை, அடுத்தது உங்கள் வீட்டுக்காரர் ஒரு டெஸ்ட் கொடுக்க வேண்டும் என்றார். நாளைக்குப் போகலாம் என்றீர்கள். மறுநாள் கம்பெனியில் அவசரம் என்று டிக்கெட்டை மாற்றினீர்கள். நான் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தெரு என்னைப் பார்த்துப் பேசும் பேச்சையெல்லாம் காதில் வாங்கிக்கொண்டு, உங்களுக்காக ஈரப்புடவையோடும் உட்கார்ந்தேன். அலுத்துப்போய்விட்டது பாவா. கோபம்கூட இல்லை, அலுப்புதான்.

நீங்கள் பயந்துதான் போனீர்கள் என்று எனக்குப் புரிகிறது. டாக்டர் என்ன சொன்னாலும் எனக்குப் பரவாயில்லை. பிள்ளை இருந்தாலும் இல்லாவிட்டாலும் நீங்கள் எனக்கு வேண்டும். அத்தையிடம், "அவரையே கேளுங்க" என்று மட்டும்தான் சொன்னேன். அவர் இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினார்.

லீவு கேட்டு வாருங்கள். வாங்கிவர ஒன்றும் வேண்டாம். எந்த விமானம் என்று எனக்கு மட்டும் மெசேஜ் அனுப்புங்கள், ஊருக்குத் தெரிய வேண்டாம். நானே சென்னைக்கு வந்துவிடுகிறேன். நீங்கள் டாக்டரம்மா அறைக்குள் போய்விட்டு வரும் வரைக்கும், தண்ணீர் பாட்டிலை வைத்துக்கொண்டு நான் வெளியே நிற்கிறேன்.

தணிகை முருகன் உங்களுக்குத் தைரியத்தைக் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் வரவுக்குக் காத்திருக்கும்
அனுராதா