இரண்டு வேளை மாத்திரை

நெல்லிவாசல்
20-5-1984

என்னைத் தூக்கி வளர்த்த மங்கம்மாள் அக்காவுக்குத் தங்கை சாந்தம்மாள் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். மாமாவின் கால் வீக்கம் வடிந்ததா? ஒரு கோடை மழை பெய்தது. சாமை விதைக்க இவர் நிலத்தை உழுது போட்டிருக்கிறார்.

உன் வீட்டில் தங்கிப் படிக்க நான் அனுப்பிய பிள்ளை வெள்ளையம்மா, இரண்டாம் வகுப்புப் பரீட்சை முடிந்து ஜீப்பில் பத்திரமாக வந்து சேர்ந்தாள். நீ தைத்துக் கொடுத்த பாவாடை அவளுக்கு எடுப்பாக இருக்கிறது. வகுப்பில் உட்காராமல் ஓடுகிறாள், தடுத்தால் கடிக்கிறாள் என்று டீச்சர் குறை சொன்னதையும், டவுன் டாக்டர் ஒருவர் பார்த்த உடனே மூளைக் கோளாறு என்று மாத்திரை எழுதியதையும் உன் கடிதத்தில் படித்தேன். அவள் வந்த பிறகுதான் உன் வீட்டில் சத்தம் கேட்கிறது என்று முன்பு ஒருமுறை நீயே எழுதியிருந்தாய்.

நீ சொன்னபடியே காலையில் ஒன்று, இரவில் ஒன்று கொடுத்தேன். வைத்த இடத்தில் உட்கார்ந்திருந்தாள். பலாப்பழம் அறுக்கும்போதே கையை விடுகிறவள், சுளையைக் கொடுத்தும் தின்னாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். உதட்டில் ஈ உட்கார்ந்தது, ஓட்டவில்லை. ஊரில் எல்லோரும், "டவுனுக்குப் போய் பொண்ணு அடங்கிட்டாளே" என்று மெச்சினார்கள். எனக்கோ, பிள்ளை பக்கத்தில் இருந்தும் பிள்ளைக்காக ஏங்கும்படி ஆகிவிட்டது.

இவருக்குத்தான் கோபம். "இன்னா இது? கொழந்தய அனுப்பினா பொம்மய குடுத்தனுப்பி இருக்காங்க. அந்த மாத்திரய தூக்கி எறி" என்றார். நான் எறியவில்லை. என் அக்கா நல்லதுக்குத்தான் செய்திருப்பாள் என்று சண்டை போட்டேன். மறுநாள் விடிந்ததும் இருவருமாக அவளை நடத்தியும் தூக்கியும் புதூர்நாட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம்.

அங்கிருந்த டாக்டரம்மா மாத்திரையைப் பார்த்து விவரமும் கேட்டுவிட்டு, இந்த ஓட்டமும் கடியும் எப்போது ஆரம்பித்தது என்று கேட்டார். இங்கே இருந்தவரை துறுதுறுவென்று இருப்பாள், யாரையும் கடித்ததில்லை என்றேன். பிறகு அவளையே அருகில் நிறுத்தி, பள்ளிக்கூடத்திலிருந்து ஏன் ஓடினாய் என்று கேட்டார். அப்புறம் சொன்னாள் அக்கா: "ரோட்டாண்ட ஜீப்பு நிக்கும். அதுல ஏறினா எங்கம்மாகிட்ட போய்டலாம். டீச்சர் புடிச்சிக்கினாங்க. அதான் கடிச்சேன்."

இவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

சில பிள்ளைகளுக்கு இந்த மாத்திரை உண்மையிலேயே தேவைப்படும், இவளுக்குத் தேவையா என்பதைப் பொறுமையாகப் பார்த்துத்தான் சொல்ல முடியும் என்றார் டாக்டரம்மா. சட்டென்று நிறுத்துவது ஆபத்து, தான் சொல்கிற அளவில் குறைத்துக்கொண்டு அடிக்கடி கூட்டி வர வேண்டும் என்றார். அப்படியே செய்கிறோம். இப்போது காலையில் மாத்திரை இல்லை, இரவில் பாதி.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். சொன்ன பேச்சு கேட்பதில்லை. நேற்று பக்கத்து வீட்டுச் செல்லம்மா மகனோடு மண்ணில் புரண்டு சண்டை, அதில் தண்ணீர்க் குடம் உடைந்தது. திட்டினேன். திட்ட என் பிள்ளை திரும்பக் கிடைத்தாளே என்றிருந்தது. கொல்லைப்புறம் போய் அழுதேன். பின்னாலேயே வந்து, "இன்னாம்மா, கொடத்துக்கா அழுவுற?" என்று கேட்டாள்.

உன்னையும் தேடுகிறாள். நான் தலை வாரினால், பெரிம்மா சீவினால் வலிக்காது என்று சீப்பைப் பிடுங்குகிறாள். பாய் விரித்தால் உனக்கும் இடம் விடச் சொல்கிறாள்.

இங்கேயே மூன்றாம் வகுப்பில் சேர்த்துக்கொள்வதாக ராஜாக்கண்ணு வாத்தியார் சொல்கிறார். உன்னைக் கேட்காமல் சரி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவளில்லாத வீட்டில் சாயங்காலம் ஆனால் உனக்கு அடுப்பு பற்றவைக்கக்கூடக் கை வராது என்று தெரியும். அதை நினைத்தே இந்தக் கடிதத்தை எழுதுவதும் கிழிப்பதுமாக இருந்தேன்.

கோபமிருந்தால் நேரில் வந்து திட்டு, வாங்கிக்கொள்கிறேன். அவளை அழைத்துப் போக என்று மட்டும் வராதே அக்கா. மாமாவையும் லீவு போடச் சொல்லி, எங்களோடு இருக்க வா. நாலு சேலை கூடுதலாகவே எடுத்து வா. நீங்கள் இருவரும் நல்லபடியாக மலையேறி வர வேண்டும்.

உன் வழி பார்த்திருக்கும்
சாந்தம்மாள்