பின்னால் வரும் வண்டி

மார்ச் 3, ஞாயிறு

இடுப்பு கழன்றுவிடும் போலிருக்கிறது. வாரம் பூராவும் மருந்துக் கடையில் நின்றபடியே வேலை பார்க்கிறேன், அப்போது வராத வலி. காரில் தரையோடு தரையாக உட்கார்ந்து மலைச்சாலையில் ஒரு நடை போய்வந்ததற்கு வந்திருக்கிறது. ஆனாலும் வாயெல்லாம் பல்.

ஸ்போர்ட்ஸ் கார்க் கூட்டத்தோடு இன்று எனக்கு மூன்றாவது பயணம். என் சிவப்பு வண்டி பழசு, இரண்டே இருக்கை, கூரையை மடித்துவிடலாம். பக்கத்து இருக்கையில் இதுவரை ஈ காக்கை உட்கார்ந்ததில்லை. என் வீட்டுக்காரருக்கு வளைவைக் கண்டாலே குமட்டும். கணக்கு வாத்தியார், வளைகோட்டைக் கரும்பலகையில் போடுவதோடு சரி.

மலையில் போன் எடுக்காது என்பதால் இவர்களுக்கு ஒரு சட்டம் உண்டு. நேர்ச்சாலையை விட்டு எங்கே திரும்பினாலும், திரும்புகிறவர் அங்கேயே நிற்க வேண்டும். பின்னால் வருகிறவர் கண்ணாடியில் தெரிந்து, விளக்கை இரண்டு முறை சிமிட்டிய பிறகுதான் நகரலாம். யாரும் நிற்கவில்லை என்றால் நேரே போ என்று அர்த்தம். அவ்வளவுதான். எவ்வளவு அழகான ஏற்பாடு! ஒருவருக்கும் முழு வழி தெரிய வேண்டாம், முன்னால் போகிறவரை நம்பினால் போதும்.

பல் டாக்டரம்மாவைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். கூட்டத்திலேயே வேகமான வண்டி அவருடையது. ஓட்டுவதிலும் அவரை அடிக்க ஆளில்லை. ஆனால் எப்போதும் கடைசியில்தான் வருகிறார். ஏன் என்று கேட்டேன். “யாரு வண்டியாவது நின்னுட்டா, கடைசியா வர்ற ஆளுதானே பாக்கணும்” என்றார். இப்படியும் மனுஷங்க இருக்காங்க.

மார்ச் 6, புதன்

கூட்டத்தில் வரும் பேக்கரி அண்ணன் கடைக்கு வந்தார், தொண்டைக்கு மாத்திரை வாங்க. வாங்கியது ஒரு நிமிடம், தன் ‘தவளை’யைப் பற்றிப் பேசியது அரை மணி நேரம். பச்சை வண்டி, முழி பிதுங்கிய விளக்குகள், அதனால் அந்தப் பெயர். துருப்பிடித்த கூடாக வாங்கி நான்கு வருடம் தானே கோத்தாராம். வரிசையில் நின்றவர்கள் முறைத்தார்கள். எனக்கோ விடவே மனசில்லை. கல்யாணமாகி இத்தனை வருடத்தில், இன்ஜின் சத்தத்தைப் பற்றி நான் பேசுவதைக் கொட்டாவி விடாமல் கேட்டவர் இவர்தான். “ஞாயித்துக்கிழமை என் முன்னால நீ போ தங்கச்சி” என்றார்.

மார்ச் 10, ஞாயிறு

செத்துப்போகலாம் போல இருக்கு.

மழை பெய்து ஓய்ந்த சாலை. எனக்கு முன்னால் போன வண்டியை விடாமல் பிடித்துக்கொண்டே ஏறினேன். என் சிவப்பி இவ்வளவு நன்றாக ஒருநாளும் ஓடியதில்லை. பாலத்துக்கு அப்புறம் இடப்பக்கம் பிரிவு. முன்னவர் எனக்காக நின்றிருந்தார், நான் விளக்கைச் சிமிட்டினேன், அவர் கிளம்பினார், நானும் கிளம்பிவிட்டேன். நிற்கவில்லை. கண்ணாடியைப் பார்க்கவே இல்லை. அப்படி என்னடி தலைபோற அவசரம் உனக்கு?

பேக்கரி அண்ணன் பிரிவுக்கு வந்திருக்கிறார். யாரும் நிற்கவில்லை. என்னை நம்பி நேரே போயிருக்கிறார். அது கல்குவாரிக்குப் போகும் பாதை. அவர் பின்னால் இன்னும் இரண்டு வண்டி, கடைசியில் டாக்டரம்மா. வழி தப்பு என்று டாக்டரம்மாவுக்குத் தெரியும். ஹாரன் அடித்துப் பார்த்திருக்கிறார், அந்த வண்டிகளின் சத்தத்தில் இடி விழுந்தாலும் கேட்காது. விட்டுவிட்டு வர மனமில்லாமல் பின்னாலேயே போயிருக்கிறார்.

தவளையின் அடிவயிறு கல்லில் இடித்து, ஆயில் தொட்டி பிளந்துவிட்டது. வழியெல்லாம் எண்ணெய்க் கோடு. அதைப் பார்த்த டாக்டரம்மா, இருந்த துளி இடத்தில் முந்திப்போய்க் குறுக்கே நிறுத்தியிருக்கிறார். இல்லையென்றால் இன்ஜினே போயிருக்கும்.

நாங்கள் திரும்பி வந்து பார்த்தபோது அண்ணன் சேற்றில் குப்புறப் படுத்து, வண்டிக்கு அடியில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருவரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அழுதுவிட்டு வந்திருப்பேன்.

மார்ச் 11, திங்கள்

சர்க்கரை மாத்திரையின் பெயரை இரண்டு முறை சரிபார்த்துக் கொடுத்தேன். நேற்று கண்ணாடியை ஒரு முறை பார்க்க முடியவில்லை.

மார்ச் 14, வியாழன்

வண்டியை விற்க விளம்பரம் எழுதிப் போனில் வைத்திருக்கிறேன். ‘சிவப்பு, நல்ல நிலையில் உள்ளது. பக்கத்து இருக்கை புதிது போல இருக்கும்.’ அனுப்ப விரல் வரவில்லை.

வீட்டுக்காரரிடம் காட்டினேன். படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார், மறுபடி படித்தார். “வேணும்னா வித்துக்கோ. ஆனா அவங்க மூஞ்சியில முழிக்க வெக்கப்பட்டு விக்காத” என்றார். வேறெதற்கு விற்பார்களாம்?

கூட்டத்தின் குழுவில் ஒரு செய்தி வந்திருக்கிறது. ஞாயிறு காலை பேக்கரிக்குப் பின்னால் தவளைக்கு ஆபரேஷன், எல்லோரும் பழைய துணி போட்டு வரவும். எல்லோரும் என்றால் நானுமா?

மார்ச் 17, ஞாயிறு

போனேன். பஞ்சு, ஸ்பிரிட், கையுறை எல்லாம் கடையிலிருந்து அள்ளிக்கொண்டு போனேன், வெறுங்கையோடு போக வெட்கமாக இருந்தது.

மாவு மூட்டைகளுக்கு நடுவில் தவளை நாலு கட்டைமேல் நின்றது. டாக்டரம்மா ஏற்கெனவே அடியில் படுத்திருந்தார், நெற்றியில் விளக்கு. ஆயில் தொட்டியை ஒட்டியிருந்த பழைய பசையைச் சுரண்ட க்ளினிக்கிலிருந்து கொக்கி கொண்டுவந்திருந்தார். “வலிக்குதுன்னு கைய தட்டிவிடாத பேஷன்ட் எனக்கு இது ஒண்ணுதான்” என்றார். அந்தக் கை எவ்வளவு பொறுமையாகப் போகிறது! பல் வலி வந்தால் இவரிடம்தான் போவேன்.

நானும் பக்கத்தில் படுத்துத் துடைத்துக் கொடுத்தேன். அண்ணன் எங்கள் தலைமாட்டில் பன் கொண்டுவந்து வைத்தார். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். “தவளைக்கு வயித்துல அடி, உசுருக்கு ஒண்ணுமில்ல. பன்ன தின்னு தங்கச்சி, ஆறிடும்” என்றார். அழுதுவிட்டேன். நல்லவேளை, முகமெல்லாம் எண்ணெய்.

அடியில் இருந்தபடியே டாக்டரம்மா சொன்னார், “அடுத்த வாரம் நீங்க கடைசியா வாங்க.”

எனக்கா, கடைசி இடமா, என்னை நம்பியா என்று உளறினேன்.

“யாரையும் விட்டுட்டு வரக்கூடாதுன்னு இந்த வாரம் பூரா உங்களைவிட அதிகமா யோசிச்ச ஆளு இங்க யாரு?” கொக்கியை நிறுத்தாமல் சொன்னார். “அதோட, ஆறு வருஷமா நான் எல்லார் முதுகையும் பாத்துட்டு வர்றேன். எனக்கும் ஒரு நாள் முன்னால போகணும்னு இருக்காதா?”

மார்ச் 19, செவ்வாய்

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரரும் வருகிறாராம். வாந்தி மாத்திரை என்ன அளவு என்று என்னிடமே கேட்கிறார்.

மார்ச் 24, ஞாயிறு

மாத்திரை வேலை செய்யவில்லை. ஐந்தாவது வளைவிலேயே நிறுத்தச் சொன்னார். கதவைத் திறப்பதற்குள் பாதி உள்ளேயே. சாலையோரத்தில் அவர் தலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முன்னால் போனவர்களின் சத்தம் தேய்ந்து, பிறகு ஒன்றுமே கேட்கவில்லை. மலையில் நாங்கள் இரண்டு பேர் மட்டும். போன் எடுக்கவில்லை. போய்விட்டிருப்பார்கள், அதுதான் நியாயமும் என்று நினைத்துக்கொண்டேன்.

மெதுவாக ஓட்டிவந்தேன். பாலம் தாண்டியது. பிரிவில் தவளை நின்றுகொண்டிருந்தது, பின்விளக்கு இரண்டும் சிவப்பாக. அண்ணன் கையை வெளியே போட்டுக் கதவில் தாளம் தட்டிக்கொண்டிருந்தார்.

“நமக்காகவா இவ்வளவு நேரம் நிக்கிறாரு?” என்றார் இவர்.

ஆமாம் என்றேன். அடுத்த திருப்பத்தில் அவருக்காக ஒருவர் நிற்பார், அவருக்காக அதற்கு முன்னால் இன்னொருவர், இப்படியே டாக்டரம்மா வரைக்கும் என்று சொன்னேன். விளக்கைச் சிமிட்டும் குமிழ் எது என்று கேட்டு, தானே சிமிட்டினார். இரண்டு போதும் என்றால் கேட்காமல் நான்கு முறை. தவளை கிளம்பியது.

வீட்டுக்கு வந்து வண்டியைக் கழுவிவிட்டு, போனை எடுத்து அந்த விளம்பரத்தைத் தேடினேன். காணோம். அவர்தான் அழித்திருக்கிறார்.

“பக்கத்து சீட்டு புதுசு போலன்னு எழுதியிருந்தே” என்றார். “இனிமே அது பொய்.”