எடுத்து வைத்த சோடி வால்வு

பிஸ்கட் டின்னின் மூடியைத் திறந்ததும் உங்கள் மணம்தான் முதலில் வந்தது. சூடேறிய தூசியும் ஈயம் பற்றவைத்த புகையும் பழைய சாரத்துணியும் கலந்த மணம். உங்கள் சட்டைகளில் இருந்து அது எப்போதோ போய்விட்டது. இந்தத் தகரத்துக்குள் மட்டும் குடியிருக்கிறது. பொல்லாத மனிசன் நீங்கள், போகும்போதும் எதையும் முழுதாகக் கொண்டுபோகவில்லை.

டின்னைத் திறக்கச் சொன்னது புளியந்தீவிலிருந்து வந்த ஒரு தம்பி. பாட்டுக் கேட்பதற்கென்று வால்வு அம்ப்ளிபயர் ஒன்றைத் தானே செய்து வைத்திருக்கிறாராம். அதன் வால்வுகள், அந்தக் கண்ணாடிக் குமிழ்கள், களைத்துப்போய்விட்டனவாம். அமிர்தகழியில் முன்பு ஒலிபெருக்கி கட்டியவர் வீட்டில் பழைய வால்வு கிடக்கும் என்று யாரோ சொல்லிவிட்டிருக்கிறார்கள். "போனிலயே எல்லாப் பாட்டும் கிடக்குதே, எதுக்குத் தம்பி இந்தச் சுமை?" என்று கேட்டேன். "வால்வுச் சத்தம் நெஞ்சுக்குக் கிட்ட வரும் அம்மா" என்றார். நீங்கள் இருந்திருந்தால் அந்த ஒரு சொல்லுக்கே அவருக்குச் சோறு போட்டிருப்பீர்கள்.

அவர் ஒவ்வொன்றாகத் துணியிலிருந்து பிரித்து ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். அச்சொட்டாக நீங்கள்தான். "தலையில வெள்ளி மினுங்கினா ஆள் உசிரோட இருக்கு. வெளுத்திட்டெண்டா காத்துப் புகுந்திட்டு, முடிஞ்சுது" என்று சொல்வீர்களே. பெண் பார்க்க வந்த அன்று என் முகத்தை நிமிர்ந்துகூடப் பார்க்காத மனிசன், வால்வை மட்டும் இப்படித் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாரே என்று எனக்கு எரிச்சலாக வரும். ஆனாலும் மைக்கை என் கையில் தந்தவர் நீங்கள்தான். உங்களுக்குத் தொண்டை கட்டிய ஒரு திருவிழாவில் "நீ சொல்லு" என்று திணித்தீர்கள், பிறகு திருப்பி வாங்கவேயில்லை.

மாமாங்கக் கோயில் தீர்த்தம் என்றால் நமக்கு அதுதானே வேலை. ஆடி அமாவாசைக்குக் குளத்தைச் சுற்றி எள் போட்டால் எள் விழாத சனம். தாயின் கை தவறிய பிள்ளைகளை நம்முடைய கொட்டிலுக்குத்தான் கூட்டிவருவார்கள். "சனத்துக்குள் தவறிய இன்னார் எங்கிருந்தாலும் ஒலிபெருக்கிக் கொட்டிலடிக்கு வரவும், அம்மா காத்துக்கொண்டிருக்கிறார்." தூக்கத்தில் எழுப்பினாலும் எனக்கு அது வரும்.

சண்டை மூண்டிருந்த அந்த வருடங்களில் ஒரு தீர்த்தத்துக்கு வெல்லாவெளியிலிருந்து ஒரு தாய் வந்தா. தலையெல்லாம் தூசி. "புள்ள, என்ட மகனையும் ஒருக்காக் கூப்பிட்டு விடு மனே" என்றா. எந்தப் பக்கம் தவறினவர் என்று கேட்டேன். "சனத்துக்குள்ள இல்ல புள்ள. மாசியில வட்டைக்குப் போனவன்" என்று மட்டும் சொல்லி வாயைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டா. மாசியில் வயலுக்குப் போனவனை ஆடியில் தேடுகிறா. நான் உங்களைப் பார்த்தேன். நீங்கள் சத்தத்தைக் கூட்டிவிட்டீர்கள்.

பிடித்துக்கொண்டு போனார்கள் என்று வெளியில் சொல்ல முடியாத காலம். தவறிவிட்டான் என்று சொல்லலாம். அதனால் அவனையும் சனத்துக்குள் தவறியவனாகவே கூப்பிட்டேன். கூப்பிட்டு முடிய, அவவுக்குப் பின்னால் இன்னும் பல தாய்மார் நின்றார்கள். எல்லாப் பெயரையும் சொன்னேன். யாரும் கொட்டிலடிக்கு வரவில்லை. ஆனாலும் அந்தப் பெண்கள் என் கையைப் பிடித்துவிட்டுத்தான் போனார்கள்.

அடுத்த தீர்த்தத்துக்கு முன் நம்முடைய மகன் யோகனும் தவறிவிட்டான்.

டியூசனுக்குச் சைக்கிளில் போன பிள்ளை. வழியில் சுற்றிவளைப்பாம், வாகனத்தில் ஏற்றினார்களாம். ஏற்றியது யார் என்று கண்டவர்கள் ஆளுக்கொரு மாதிரிச் சொன்னார்கள். சைக்கிள் மட்டும் ஒரு வேலியில் சாத்திக் கிடந்தது. நாம் ஏறி இறங்காத வாசல் இல்லை. எங்கு போனாலும் "இங்க அப்படி ஒராளும் இல்ல" என்ற ஒரே பதில்தான். உங்களுடைய நடை அந்த மாதங்களில்தான் கூனிப்போனது. எனக்கு ஆத்திரம், யார் மேல் என்றுகூடத் தெரியாத ஆத்திரம்.

அந்த நேரம் பார்த்து அம்ப்ளிபயரின் பெரிய வால்வு இரண்டில் ஒன்று போய், மற்றதையும் கெடுத்துவிட்டது. அவை இரண்டும் வண்டி மாடுகள் மாதிரி, ஒன்றுக்கொன்று ஈடாக இழுக்க வேண்டும், பொருந்தாததைப் பூட்டினால் சத்தம் கிழியும், பாரம் தாங்குகிறது சிவந்து எரிந்துவிடும் என்பீர்கள். கொழும்பிலிருந்து எடுப்பிக்க வழியில்லை. ஒருவர் கொண்டுவந்ததையும் சோதனைச் சாவடியில் குண்டுச் சாமானோ என்று இறக்கி வைத்துவிட்டார்கள். கடைசியில் கையில் சேர்ந்தது இவ்வளவுதான். ஒன்றாகவே பாவிக்கப்பட்டு ஒன்றாகவே கிழண்டுபோன ஒரு சோடி. அது பொருத்தம், ஆனால் பெலன் இல்லை. மற்றச் சோடி, காத்தான்குடி ரேடியோக் கடை முஸ்லிம் காக்கா தந்த ஒன்றும் நீங்கள் ஒளித்து வைத்திருந்த ஒன்றும். இரண்டுக்கும் பெலன் இருந்தது, பொருத்தம் இல்லை.

வீட்டு விறாந்தையில் வைத்து மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தோம். வழக்கமாக "அலோ, அலோ" என்றுதான் சொல்லிப் பார்ப்போம். அன்று நீங்கள் "பேரைச் சொல்லு" என்றீர்கள். கிழண்டு சோடியில் யோகன் என்றால் யோகன் என்றே கேட்டது, பூப்போல. ஆனால் வாசல் படலையைத் தாண்டவில்லை. மற்றதில் அயல் முழுக்க அதிர்ந்தது, பெயர் மட்டும் தகரம் கிழிகிற மாதிரிப் பிய்ந்துபோனது.

"பெலத்ததப் போடுங்க. ஆத்துக்கு அங்கால கேக்கோணும்" என்றேன். வாவிக்கு அப்பால் ஒரு முகாமில் பொடியன்கள் இருக்கிறார்கள் என்று யாரோ சொன்ன கதையைத்தான் நான் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தேன்.

"பேர் கிழியுது. கேட்டாலும் தன்ட பேரெண்டு அவனுக்குத் தெரியாது."

"என்ட குரல் தெரியுந்தானே!"

நீங்கள் கிழண்டு சோடியைத்தான் பூட்டினீர்கள். உங்கள் கையால் மகனின் பெயரைக் கிழிக்க உங்களுக்கு மனம் வரவில்லை. எனக்கு அது விளங்கியது, விளங்கியும் உங்களோடு பேசாமல் இருந்தேன்.

தீர்த்தத்தன்று மற்றத் தாய்மாரின் பிள்ளைகளை முதலில் கூப்பிட்டேன். பிறகு நம்முடையவனை. "சனத்துக்குள் தவறிய யோகன் எங்கிருந்தாலும்..." குளத்தின் அந்தக் கரையில் நின்றவர்கள்கூடத் தலை நிமிரவில்லை. என் குரல் பக்கத்துக் கச்சான் கடையோடு நின்றுவிட்டது. மைக்கை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே குந்திவிட்டேன். இனி என்ன செய்வது, ஐயோ, இனி யாரிடம் போய் என்ன சொல்வது என்று மட்டும்தான் ஓடியது.

நீங்கள் அம்ப்ளிபயரை நிறுத்தினீர்கள். சாரத்தின் நுனியைக் கையில் சுற்றி, சுடச்சுட அந்தச் சோடியைப் பிடுங்கினீர்கள். பெலத்த இரண்டையும் பூட்டி, ஒலிபெருக்கிப் புனலை வாவிப் பக்கம் திருப்பினீர்கள்.

"சொல்லு."

"எரிஞ்சு போகும்."

"போனாப் போகட்டும். நீ சொல்லு."

சொன்னேன். என் குரலுக்கு நானே பயந்தேன். குளமும் தேரடியும் அதிர்ந்து, சனமெல்லாம் திரும்பிப் பார்த்தது. வால்வுக்குள் தகடு சிவந்துகொண்டு வந்தது. வால்வுக்குப் பக்கத்தில் ஒருவரையும் மூச்சுவிட விடாத நீங்கள், ஓலை விசிறியால் அதற்கு விசிறிக்கொண்டு நின்றீர்கள். விசிறியபடியே அழுதீர்கள். தகப்பன் அழுவதை அவன் ஒருநாளும் கண்டதில்லை, நானும் அதற்கு முன் கண்டதில்லை. நான் நிறுத்தாமல் கூப்பிட்டேன். பெயர் பாதியில் நிற்க, அம்ப்ளிபயர் அணைந்தது. நாம் இரண்டு பேரும் சனம் வருகிற வழியையே பார்த்துக்கொண்டிருந்தோம். அப்பால் தண்ணீர்ப் பந்தலில் யாரோ இன்னொரு கோப்பை சர்க்கரைத் தண்ணீர் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

வீட்டுக்கு வந்து அந்தக் கிழண்டு சோடியைத் துடைத்து அவனுடைய பழைய பள்ளிக்கூடச் சட்டைத் துண்டில் சுற்றினீர்கள். "இதையாவது பூட்டி வேலையப் பாக்கலாமே, ஏன் மூடி வைக்கிறீங்க?" என்றேன்.

"அவன் வந்தாப்பிறகு போடுவம். கிட்ட இருக்கிறவனக் கூப்பிடச் சத்தம் என்னத்துக்கு?"

அதற்குப் பிறகு ஒலிபெருக்கி வேலையே வேண்டாம் என்று விட்டீர்கள். சண்டை முடிந்தும் அவன் வரவில்லை. பார்த்துப் பார்த்தே நீங்களும் போய்விட்டீர்கள். இப்போது ஆடி அமாவாசைக்கு உங்களுக்கு எள்ளும் தண்ணீரும் இறைப்பது என் தங்கச்சியின் மகன். "மகன் இல்லையா?" என்று புது ஐயர் கேட்டார். இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. இருக்கிறான் என்று சொன்னால் எங்கே என்று கேட்பாரே. தலையைக் குனிந்துகொண்டேன். உங்களுக்காவது ஒரு நாள் இருக்கிறது, பெயர் சொல்லி ஒரு பிடி எள் இருக்கிறது. அவனுக்கு நான் எந்த நாளில் எதைச் செய்வது?

அந்தத் தம்பி டின்னின் அடியில் கிடந்த சட்டைத் துண்டையும் பிரித்துவிட்டார். முகமெல்லாம் மலர்ந்துபோனது. "அம்மா, இது பொருத்தமான சோடி! ஒரே கொம்பனி, ஒரே மாதிரிப் பாவிச்சிருக்கு. சத்தம் குறைவாத்தான் வரும், ஆனா வீட்டுக்குள்ள இருந்து கேக்கிறதுக்கு இதுதான் நல்லம்."

மற்ற எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போகச் சொன்னேன். இதை மட்டும் அவர் கையிலிருந்து வாங்கினேன். "இது ஒராளுக்கெண்டு எடுத்து வச்சது தம்பி."

நல்ல பிள்ளை, வற்புறுத்தவில்லை. படலையடி வரை போய்த் திரும்பி, "அவருக்கு இனித் தேவையில்லையெண்டா எனக்குத் தாங்க அம்மா. ஒருக்காக் கேட்டுப் பாக்கிறீங்களா?" என்றார்.

"ஓம் தம்பி, கேட்டுச் சொல்றன்" என்று சொல்லிவிட்டேன்.

அவர் போன பிறகு நானும் ஜன்னலடியில் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். இரண்டின் தலையிலும் வெள்ளி இன்னும் மினுங்குகிறது. கேட்டுச் சொல்கிறேன் என்று அந்தப் பிள்ளைக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன். நான் யாரிடம் கேட்பேன், நீங்களே சொல்லுங்கள்.